பறக்கலாம் என்றுதான் டொக்டர் சொன்னார்

1

விமானத்தில் ஏறினால் தண்ணீர் குடியுங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கதையைத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் தண்ணீர் விஷயம் மறந்துபோகும். கல்முனையிலிருந்தோ சம்மாந்துறையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்கவென்று வெளிநாடு புறப்படும் உம்மாமார் யாராவது இதை வாசித்தால், இந்தப் பந்தியோடு நிறுத்திவிட்டுப் போனாலும் பரவாயில்லை. தண்ணீர் குடியுங்கள். எழும்பி நடவுங்கள். இறங்கிய பிறகு இரண்டு கால்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, நொந்தால் யாரையும் உருவ விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்கள் இருங்கள், சொல்கிறேன்.

என் ராத்தா மவுத்தாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம். என்னைவிட ஒன்பது வயது மூத்த சகோதரி. கல்முனையில் எங்கள் உம்மாவின் வளவில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. மூத்தவளுக்கு உம்மா இருந்த வீடு, எனக்கு வாப்பா கட்டித் தந்த வீடு. கலியாணம் முடித்து வந்த மாப்பிள்ளைமார்தான் எங்கள் வீடுகளுக்குள் வந்து புகுந்தார்களே தவிர, நாங்கள் இருவரும் எங்கேயும் போகவில்லை. பிறகு என் கணவருக்குக் கனடா கிடைத்தது. மூத்தவள் அங்கேயே இருந்தாள், நான் டொரண்டோவுக்கு வந்தேன். இருபத்திரண்டு வருடமாகிறது. கணவர் மவுத்தான பிறகு மகள் ரிஸ்னாவோடு இருக்கிறேன்.

ராத்தாவின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். எங்கள் ஊரில் ஆண்களுக்கு, அடக்கம் செய்த மையவாடி இருக்கிறது. பிந்தி வந்தாலும் கபுறடியில் நின்று ஸலாம் சொல்லலாம், துஆக் கேட்கலாம். பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை. ஜனாஸாவை வீட்டிலிருந்து தூக்குவதற்கு முன்பு முகத்தைப் பார்ப்பதுதான் எங்களுக்கு உள்ளது. அதுவும் சில மணித்தியாலங்கள்தான், எங்கள் ஆட்கள் தாமதிக்க மாட்டார்கள். அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தார்கள். செய்தவர்கள் வெளி ஆட்கள் இல்லை.

2

இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிய பயணத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

எங்கள் ஊரில் ஒருவரை விமானம் ஏற்றுவது என்றால் கலியாண வீட்டு வேலை போல. வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும், ஆளுக்கொரு பொதி தருவார்கள். பிறகு ஒரு வேன் பிடித்து, போகிறவள் ஒருத்தியும் ஏற்றப் போகிறவர்கள் பத்துப் பேருமாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவிரவாக ஓடுவோம். ராத்தாவும் வந்தாள். சீனி வருத்தத்தில் அவளுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. ஆட்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். “நீ வராத ராத்தா, இடுப்பு நோகும்” என்று சொன்னேன். கேட்கிற ஆளா அவள்?

வேனில் பக்கத்தில் இருந்துகொண்டு என் காதுக்குள் சொன்னாள்: “புள்ள, பிளேன்ல கண்டபாட்டுக்குத் தண்ணி குடிக்காதகா. அங்க கழுவுறத்துக்குத் தண்ணி இல்ல. கடுதாசியால தொடச்சிக்கிட்டு எப்பிடித் தொழுற?”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் பறக்கிறார்கள். வாளியும் இல்லை, பைப்பும் இல்லை, குந்தியிருக்க இடமும் இல்லாத அந்தச் சின்ன அறையை நினைத்தாலே எங்களுக்குத் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். உடுப்பு நனைந்துவிடுமோ, சுத்தம் போய்விடுமோ, வெளியில் ஆண்கள் வரிசையில் நிற்பார்களோ என்று பயம். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து, குடிக்காமல் இருப்பது. நோன்பு பிடித்துப் பழகிய உடம்புதானே, ஒரு நாள் தாங்காதா என்று ஒரு பெருமை வேறு.

அப்படியே செய்தேன். வேனில் விடியும்வரை மடங்கி இருந்தேன். விமான நிலையத்தில் பொதிகளுக்குக் காவலாக இருந்தேன். வளைகுடாவில் இறங்கி மாறுகிற இடத்திலும் கதிரையை விட்டு அசையவில்லை. அடுத்த விமானம் பகல் முழுவதும் பறக்கிற விமானம். எனக்கு யன்னல் பக்கம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அவர்களை எழுப்பிக் கடந்து போக வெட்கமாக இருந்தது. வாந்திக்கென்று ஒரு குளிசை போட்டிருந்தேன், அதில் தூக்கமும் வந்தது. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோதெல்லாம் கையைக் காட்டி அனுப்பினேன். ஒரு தரம்கூட எழும்பவில்லை. இறங்கியபோது, எவ்வளவு கெட்டித்தனமாக வந்து சேர்ந்திருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், மடச்சி.

3

வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் இறுகி நொந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். ராத்தாவுக்கு ஃபோன் எடுத்தேன். “நல்லெண்ணெயக் காச்சி நல்லா உருவு, கீழ இருந்து மேல இழுத்து உருவு, வாயுதான்” என்றாள். உருவினேன். நன்றாக அமுக்கி உருவினேன்.

மூன்றாம் நாள் காலை, மாடிப்படியில் ஏறும்போது மூச்சு வரவில்லை. நெஞ்சில் குத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். ரிஸ்னா வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள், அல்லாஹ் காப்பாற்றினான். அம்புலன்ஸ் வந்து என்னைத் தூக்கிப் போனது.

ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். நீண்ட நேரம் காலை அசைக்காமல் இருந்தால் காலின் உள் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி உறையுமாம். தண்ணீரும் குடிக்காவிட்டால் இன்னும் மோசமாம். என்னைப் போல வயது போன, உடம்பு பருத்த ஆட்களுக்கும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும், முன்பு ஒருதரம் இப்படி வந்தவர்களுக்கும் ஆபத்துக் கூட. உறைந்த கட்டி காலில் கிடக்கும்வரை நோவுதான். அதில் ஒரு துண்டு உடைந்து நெஞ்சுக்கு ஏறினால் ஆள் முடிந்துவிடலாம். எனக்கு ஒரு துண்டு ஏறியிருந்தது. உருவியதைச் சொன்னபோது தாதி தலையில் கை வைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இரத்தத்தை இளக வைக்கும் குளிசைகளோடு வீட்டுக்கு வந்தேன். ராத்தாவுக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஃபோனில் அழுதாள். “நான்தானே செல்லிக் கெடுத்த” என்றாள். “நீ சொன்னா நான் கேக்கணுமா? எனக்கு மூளை எங்க போன?” என்று ஏசித்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

4

இந்த நாட்டில் எனக்கு நாக்கு ரிஸ்னாதான். ஆறு வயதில் வந்தவள். கடையில், பஸ்ஸில் என் இங்கிலீஸ் ஓடும். டொக்டரிடம் போனால் ஓடாது. அவர்கள் வேகமாகப் பேசுவார்கள், நான் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணவரின் கடைசிக் காலத்திலும் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை சொல்வதைச் சந்தேகிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ராத்தாவின் குரல் ஃபோனில் நூலாகிக்கொண்டு வந்தது. என் தம்பி நஸீர் அங்கே ராத்தாவின் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அவனிடம் கேட்டால், “சீனி ஏறி இறங்குது ராத்தா, வேற ஒண்டும் இல்ல” என்பான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதை அவன் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனம் சரியில்லை. டொக்டரிடம் போனபோது ரிஸ்னாவிடம் சொன்னேன்: “ஊருக்குப் போகலாமா எண்டு கேளு. ராத்தாவப் பாக்கணும் எண்டு சொல்லிக் கேளு.”

அவள் கேட்டாள். டொக்டர் ஒரு பெண், பொறுமையான ஆள். என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, நீளமாகச் சொன்னார். கையால் நடந்து காட்டினார். கோப்பையைத் தூக்கிக் குடிப்பது போலக் காட்டினார். கதிரையில் இருந்தபடியே ஒரு காலைத் தூக்கிப் பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டி, வட்டமாகச் சுழற்றினார். நான் தலையை ஆட்டினேன்.

“என்ன சொல்றா?”

“ஆறு மாசத்துக்கு ஏலாதாம் உம்மா. பிளேன் பக்கமே போகப்படாதாம்.”

“காலை ஆட்டிக் காட்டினாவே?”

“அது வீட்டில செய்யச் சொல்றா.”

செய்தேன். ஒவ்வொரு நாளும் யன்னலடியில் கதிரையைப் போட்டு, பனியைப் பார்த்துக்கொண்டு, பாதத்தை ஆட்டினேன், சுழற்றினேன். வைத்தியம் என்று நம்பிச் செய்தேன். அங்கே ராத்தா கடைசிப் படுக்கையில் கிடந்தாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஃபோன் எடுத்தால் “தூங்குறா, பிறகு எடுங்க” என்றார்கள்.

அவள் மவுத்தானதை எனக்குச் சொன்னது ஹலால் இறைச்சிக் கடையில் சந்தித்த, எங்கள் பக்கத்து ஊரான மருதமுனைப் பெண் ஒருத்தி. முன்பின் பழக்கமில்லாதவள். ஊர்ச் செய்தியில் பார்த்திருக்கிறாள். என் கையைப் பிடித்து, “உங்கட ராத்தாட மவுத்துக்குக் கவல, அல்லாஹ் கபுற விசாலமாக்கட்டும்” என்றாள். யாருடைய ராத்தா என்று கேட்டேன். அவள் முகம் செத்துப்போனது, பாவம். மூன்று நாளாகியிருந்தது. அவளுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிச் சாப்பாடும் கொடுத்து முடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ரிஸ்னா அழுதாள். ஃபோனில் நஸீரும் அழுதான். “எப்பிடியும் உங்களால வர ஏலாதுதானே, தெரிஞ்சா உங்கட உடம்புக்கு ஆகாது” என்றார்கள். அன்றைக்கு என்னால் அதை ஏற்க முடிந்தது. டொக்டர் தடுத்தார், பிள்ளைகள் என்ன செய்யும்? அல்லாஹ்வின் நாட்டம் என்று மனதை இறுக்கிக்கொண்டேன். மகளை மன்னித்தும் விட்டேன்.

5

அதற்குப் பிறகு ஒரு தவணைக்கு ரிஸ்னாவால் வேலையில் லீவு எடுக்க முடியவில்லை. “கிளினிக்கில ஃபோன்ல தமிழ் ஆள் தருவாங்க உம்மா, பயப்படாதீங்க” என்று இறக்கிவிட்டுப் போனாள்.

மேசையில் ஃபோனை வைத்தார்கள். ஒரு யாழ்ப்பாணப் பெண்ணின் குரல். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. “டொக்டர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன் அம்மா, நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன்” என்றது குரல். டொக்டர் காலைப் பார்த்தார், பரவாயில்லை என்றார். பிறகு ஏதோ கேட்டார்.

“அம்மா, உங்கட அக்காவைப் பாக்கப் போனீங்களோ, அவ எப்பிடி இருக்கிறா எண்டு டொக்டர் கேக்கிறா.”

“அவ மவுத். செத்துட்டா. நான் போகல்ல. ஆறு மாசத்துக்குப் பறக்கப்படாது எண்டு இவதானே சொன்ன.”

குரல் அதைச் சொன்னது. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார்.

“அம்மா... டொக்டர் சொல்லுறா, தான் அப்பிடிச் சொல்லேல்லையாம். மருந்தைத் தவறவிடாமல் எடுத்துக்கொண்டு, அளவெடுத்த, காலை இறுக்கிப் பிடிக்கிற காலுறை போட்டு, இடையில ஒரு நாள் தங்கிப் போறதெண்டால் போகலாம் எண்டுதான் சொன்னவவாம். விமானத்துக்குள்ள செய்யிற பயிற்சியும் காட்டித் தந்தவவாம்.”

நான் யன்னலடியில் இருந்து பாதம் ஆட்டிய அத்தனை நாளும் கண்ணுக்கு முன் வந்தது. என் முகத்தைப் பார்த்து ஒரு மனிதர் ‘போ’ என்று சொல்லியிருக்கிறார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், அந்தச் சொல் இடையில் மாறிப்போனது தெரியாமல்.

“அம்மா, லைன்ல இருக்கிறீங்களோ?” என்று குரல் கேட்டது. ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் ரிஸ்னா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்றேன்.

“டொக்டர் ஏலாதெண்டா சொன்ன?”

அவள் பைப்பை மூடினாள். திரும்பவில்லை. “இல்ல.”

“மறுகா ஏன் அப்பிடிச் சொன்ன?”

“நீங்க மூச்செடுக்க ஏலாம நீலமாகிப் போனதப் பாத்தது நான் உம்மா. அம்புலன்ஸ் வருமட்டும் உங்கட கையைப் புடிச்சிக்கிட்டு இருந்தது நான். வாப்பாவும் இல்ல. இன்னொருக்கா உங்கள பிளேன்ல ஏத்திட்டு இங்க இருந்து ஃபோனைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது.”

“அது உன்ட பயம். அதுக்கு என்ட ராத்தாவையா எடுத்த?”

“உண்மையச் சொல்லியிருந்தா நீங்க நிண்டிருப்பீங்களா?”

“நிண்டிருக்க மாட்டன்.”

“அதான்” என்றாள். “மாமாவும் அதத்தான் சொன்னார்.”

மாமா என்றால் நஸீர். ஆக இரண்டு பேரும் கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். நான் என்ன, அலுமாரியா, இங்கே வைப்போமா அங்கே வைப்போமா என்று கதைக்க? ரிஸ்னா கெட்டவள் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பேன். அவள் என்னை வைத்துத் தாங்குகிறாள். தாங்குகிற கைதான் என் கழுத்தையும் பிடித்தது.

அன்றிலிருந்து டொக்டரிடம் ஃபோன் குரலோடுதான் கதைக்கிறேன். மகள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது நோகிறது. நோகட்டும்.

6

இந்தக் குறிப்பை ராத்தாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வருடக் கத்தத்துக்கு வந்தேன். தனியாகத்தான்.

எப்படி வந்தேன் என்பதை எங்கள் பெண்களுக்காகச் சொல்கிறேன். நடைபாதைப் பக்கத்து இருக்கை கேட்டு வாங்கினேன். டொக்டர் சொன்னபடி அளவெடுத்த காலுறை, நேரம் தவறாமல் குளிசை. மற்றவர்களுக்கு இந்தக் குளிசையோ ஊசியோ தேவையா என்பதை அவரவர் டொக்டர்தான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்து நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். தூக்கக் குளிசை வேண்டாம். கைப்பையில் ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தல் வைத்துக்கொண்டேன். அந்தச் சின்ன அறையில் கை கழுவுகிற பைப் ஒன்று இருக்கிறது. அதில் போத்தலை நிரப்பினால் கழுவுகிற பிரச்சினை முடிந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்கா நாங்கள் நாவறண்டு கிடந்தோம்? குடிக்கக் கேட்டுக் கேட்டு வாங்கினேன், போனேன், வந்தேன், நடந்தேன். ஏதும் சுகமில்லையா என்று பணிப்பெண்கள் மாறி மாறி விசாரித்தார்கள். வளைகுடாவில் ஒரு நாள் தங்கினேன். கட்டுநாயக்கவில் நஸீர் வேனோடு நின்றான். வழியில் அடிக்கடி நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். “என்ன ராத்தா, இந்த வேகத்தில போனா நாளைக்குத்தான் கல்முனை” என்று அலுத்துக்கொண்டான். “நாளைக்கே போவம், ஆருக்கு அவசரம்?” என்றேன்.

கத்தம் முடிந்து ஆட்கள் போன பிறகு ராத்தாவின் கட்டிலடியில் நான் இருந்தேன். நஸீர் வந்து பக்கத்தில் இருந்தான். அவனோடு நான் முகம் கொடுத்துக் கதைக்காதது அவனுக்குத் தெரியும்.

“ஒரு விசயம் சொல்றன் ராத்தா, கேட்டா உங்கட மனசு ஆறும்” என்றான். “மூத்த ராத்தா கடைசி ரெண்டு நாளும் உங்களத்தான் கேட்டா. வந்திட்டாளா, வந்திட்டாளா எண்டு. நாங்க அவட மனசக் கஸ்டப்படுத்தல்ல. வாறா எண்டு சொன்னம். பிளேன் ஏறிட்டா எண்டு சொன்னம். மறுகா, கட்டுநாயக்கால இறங்கிட்டா எண்டு சொன்னம்.”

“நான் வரல்லயே.”

“ஓம். வேற என்ன செய்ற? கடைசிப் பின்னேரம், வேன் வந்திட்டு எண்டு சொல்லி ஜெஸீமாவப் பக்கத்தில இருத்தினம். கண் தெரியாதுதானே.”

ஜெஸீமா என்பது அவன் மனைவி.

“ஆர் எண்டு சொல்லி இருத்தின?”

“நீங்க எண்டுதான். அவவும் உங்களப் போலயே ராத்தா எண்டு கூப்பிட்டா. மூத்த ராத்தா கையைப் புடிச்சி, ‘கால் எப்பிடிகா இருக்கு?’ எண்டு கேட்டா.”

“ஜெஸீமா என்ன சொன்ன?”

“சுகம் ராத்தா எண்டு சொன்னா.”

“அதுக்குப் பிறகு?”

“கொஞ்ச நேரம் கையத் தடவிக்கிட்டுக் கெடந்தா. மறுகா விட்டுட்டா. அதுக்குப் பிறகு உங்களக் கேக்கவே இல்ல. நிம்மதியாப் போனா ராத்தா, அல்ஹம்துலில்லாஹ்.”

அவன் அதை எனக்கு ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னான். இவ்வளவு நாளும் சேர்த்து வைத்து, என் கோபம் தணிய வேண்டும் என்று கொண்டுவந்து தந்தான். அவன் முகத்தில் ஒரு துளி கள்ளமும் இல்லை. ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன். தேத்தண்ணியை வாங்கவில்லை.

நானும் ராத்தாவும் ஒரு பாயில் படுத்து வளர்ந்தவர்கள். எனக்குத் தலை வாரியதும், மருதோன்றி போட்டதும், கலியாணத்தன்று என் கையில் காப்பை ஏற்றியதும் அவள். அந்தக் கையை அவளுக்கா தெரியாது? நிம்மதியில் கையை விடவில்லை அவள். தடவிப் பார்த்துத்தான் விட்டாள். நான் வரவில்லை என்று விளங்கித்தான், அதற்குப் பிறகு யாரிடமும் என்னைக் கேட்கவில்லை.